வீங்கியது இமையா, கண்ணா? கண்குழித் தொற்று: வாசகர் கேள்வி பதில்

கண்ணைச் சுற்றி வரும் வீக்கம் பற்றிக் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களுக்குக் கண் மருத்துவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் சேர்ந்து தரும் பதில்கள் இவை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

ஆறு வயதுப் பேரனுக்கு ஒரு வாரமாகச் சலதோஷம். ஒரு நாள் காலையில் இடது கண் திறக்க முடியாதபடி சிவந்து வீங்கிவிட்டது, காய்ச்சலும் இருந்தது. கண்கட்டி என்று நினைத்து மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி இரண்டு நாள் விட்டோம். மூன்றாம் நாள் டாக்டர் பார்த்த உடனே அட்மிட் பண்ணச் சொல்லிவிட்டார். கண் வீக்கத்துக்குப் போய் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டுமா?
- கருங்கல்

வேண்டும். வீக்கம் கண்ணில் தெரிந்தாலும் வியாதி ஆரம்பித்தது மூக்குக்குள்ளே. இரண்டு கண்களுக்கும் நடுவில், மூக்கின் மேல்பகுதியில், தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் காற்றறைகள் இருக்கின்றன. எத்மாய்டு சைனஸ் என்று பெயர். நெற்றி சைனஸ் ஆறேழு வயதை ஒட்டித்தான் உருப்பெறுகிறது. எத்மாய்டு பிறக்கும்போதே உண்டு. இந்த அறைகளுக்கும் கண்குழிக்கும் நடுவே இருக்கும் எலும்பின் கனம் 0.2 முதல் 0.4 மி.மீ. மட்டுமே. உடற்கூறு நூல்களில் அதன் லத்தீன் பெயரே ‘காகிதத் தகடு’ என்றுதான் பொருள்படும். ரத்தக்குழாயும் நரம்பும் நுழைய அதில் இயற்கையான துளைகள் வேறு இருக்கின்றன. சளி அடைத்துச் சைனஸில் சீழ் கட்டினால், அது கண்குழிப் பக்கம் எட்டிப் பார்க்க அதிக நாள் எடுக்காது.

இமைக்குள்ளே ஒரு மெல்லிய நார்த்திரை இருக்கிறது. கண்குழியின் எலும்பு விளிம்பில் தொடங்கி இமை வரை வரும் அந்தத் திரைக்கு முன்னால் தொற்று நின்றால், அது இமைத் தொற்று. பெரும்பாலும் மாத்திரையிலேயே அடங்கும். திரைக்குப் பின்னால் போய்விட்டால் ‘ஆர்பிட்டல் செல்லுலைட்டிஸ்’, அதாவது கண்குழித் தொற்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்பு, ஒரே வீக்கம். டாக்டர் அவசரப்பட்டது இதனால்தான்.

கண்குழியின் கொள்ளளவு பெரியவர்களுக்கே சுமார் 30 மி.லி., அதில் கண் உருண்டை 7 மி.லி. போல இருக்கும். மீதி இடத்தில் கொழுப்பு, தசை, நரம்பு, ரத்தக்குழாய். நாலு பக்கமும் எலும்பு; முன்பக்கம் மட்டும் திறப்பு. உள்ளே சீழும் நீரும் சேரச் சேர அழுத்தம் கூடி, கண் முன்னால் தள்ளும். பின்னால் இருக்கும் பார்வை நரம்பு இழுபட்டு நசுங்கும். விழித்திரைக்குப் போகும் ரத்தம் முற்றிலும் நின்றுபோனால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்திலேயே மீட்க முடியாத சேதம் வந்துவிடும். அந்த நேரத்தில் குழந்தை வீட்டில் இருந்தால் யாராலும் ஒன்றும் செய்ய இயலாது.

சொட்டு மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொட்டு கண்ணின் முன்பரப்பை நனைக்கும், கண்ணுக்குப் பின்னால் எட்டாது. கடையில் ‘சிவப்புக்கு’ என்று கேட்டு வாங்கும் மருந்துகளில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது மேலே சிவப்பைக் குறைத்துக் காட்டும். உள்ளே சீழ் தன்பாட்டுக்கு வளரும். உங்கள் பேரனுக்குப் போன இரண்டு நாள் அப்படிப் போனதுதான்.

இமை வீக்கம்தானா, உள்ளே போய்விட்டதா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா? எங்கள் ஊரில் இருந்து இரவில் வண்டி பிடித்துப் போவது லேசான காரியமில்லை.
- திற்பரப்பு

உண்டு, ஐந்து நிமிடம் போதும். ஆனால் இது எவ்வளவு அவசரம் என்று முடிவு செய்யத்தான். டாக்டரைப் பார்க்காமல் இருந்துவிட இதைச் சாக்காக எடுக்கக் கூடாது. அடிபட்ட கண்ணாக இருந்தால் இமையைத் தொடவே வேண்டாம், நேரே கிளம்புங்கள்.

கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலைப் புருவ எலும்பின் மேல் வைத்து, தோலை எலும்போடு சேர்த்து மேலே இழுங்கள். கீழ் இமைக்கு, விரலைக் கன்ன எலும்பின் மேல் வைத்துக் கீழே இழுங்கள். விரல் எலும்பில்தான் அழுந்த வேண்டும், கண் உருண்டையில் துளியும் படக் கூடாது. இமையில் பீளை ஒட்டியிருந்தால் கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் முதலில் துடைத்துவிடுங்கள்.

கண் திறந்ததும் முதலில் அசைவைப் பாருங்கள். சாவிக்கொத்தையோ பொம்மையையோ முகத்துக்கு ஒரு அடி முன்னால் பிடித்து இடம், வலம், மேல், கீழ் நகர்த்துங்கள். தலை அசையக் கூடாது. இரண்டு கண்ணும் ஒன்றாக, கடைசி வரை போக வேண்டும். ஒரு கண் பாதியில் நின்றாலோ, அசைக்கும்போது குழந்தை ‘வலிக்குது’ என்று முகத்தைத் திருப்பினாலோ, பெரியவர்கள் ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்றாலோ, தொற்று திரையைத் தாண்டிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உட்கார வைத்துப் பின்னால் நின்று தலையைச் சற்றே அண்ணாந்து பார்க்கச் சொல்லி, நெற்றிக்கு மேலிருந்து இரண்டு கண்களையும் ஒப்பிடுங்கள். ஒன்று மற்றதைவிட முன்னால் தள்ளி நிற்கிறதா? 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தாலே மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள். கண் தள்ளும் திசைக்கும் பொருள் உண்டு: மூக்குப் பக்கம் சீழ் இருந்தால் கண் காதுப் பக்கமாகத் தள்ளும், நெற்றிப் பக்கம் இருந்தால் கீழே இறங்கும்.

பிறகு நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடி, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். அதன்பின் தண்ணீர்ப் பாட்டிலின் சிவப்பு மூடி ஒன்றை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் காட்டுங்கள். பார்வை நரம்பு நெருக்கடியில் இருந்தால், எழுத்து தெரியும்போதே சிவப்பு மட்டும் வெளுத்து, செங்கல் நிறமாகத் தெரியும். எளிய சோதனைதான், மருத்துவமனையிலும் இதையே செய்கிறார்கள். கடைசியாக வெள்ளைவிழி. வெறும் சிவப்பாக இருந்தால் ஒரு விஷயம். நுங்குச் சதை மாதிரி நீர் கோத்து உப்பி, இமைக்கு வெளியே பிதுங்கினால் அது வேறு விஷயம்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த ராத்திரியே கிளம்ப வேண்டும். இமையைத் திறக்கவே முடியாத வீக்கமும் இதே கணக்கு. பார்க்க முடியாததால் ‘ஒன்றும் இல்லை’ என்று ஆகிவிடாது.

ஐந்தும் சரியாக இருந்தால், காய்ச்சலோடு ஒரு கண் மட்டும் வீங்கியிருக்கும் குழந்தையை மறுநாள் தள்ளாமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை தந்து வீட்டுக்கு அனுப்பினால், சிவப்பின் ஓரத்தைப் பால்பாயின்ட் பேனாவால் தோலில் ஒரு கோடு வரைந்துவைத்து, 24 மணி நேரம் கழித்துக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். 48 மணி நேரத்துக்குள் மறுபடி காட்டியே ஆக வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையை வெறும் இமைத் தொற்று என்றாலும் ஆஸ்பத்திரியில் சேர்த்தே பார்ப்பார்கள். இரண்டு கண்ணும் அரிப்போடு வீங்கி, காய்ச்சல் இல்லாமல் இருந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். மெட்ராஸ் ஐ என்றால் பீளையும் உறுத்தலும் முன்னே நிற்கும், கண் தள்ளாது.

வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. பத்து நாளுக்கு முன் தோட்டத்தில் காய்ந்த கம்பு ஒன்று கண்ணுக்கு ஓரமாகக் குத்தியது. சின்னக் காயம், மூன்று நாளில் மூடிவிட்டது. இப்போது அதே இடம் வீங்கி, லேசாகச் சீழ் கசிகிறது. மாத்திரை சாப்பிட்டால் குறைகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது.
- குலசேகரம்

மாத்திரைக்கு அடங்கி மறுபடி கசியும் சீழ் என்றால் உள்ளே மரத்துண்டு கிடக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ரப்பர் சுள்ளியோ ஈர்க்கிலோ நுழைந்த வாசல் அரை சென்டிமீட்டர்கூட இருக்காது. உள்ளே ஒடிந்து நின்றது இரண்டு அங்குலம்கூட இருக்கலாம். மரம் நுண்துளைகள் நிறைந்த பொருள், அதில் பாக்டீரியாவும் பூஞ்சையும் குடியிருக்கும். மருந்து ரத்தத்தின் வழியாக வருகிறது, மரத்துண்டுக்குள் ரத்தம் ஏது? துண்டை எடுக்கும்வரை இது தீராது.

ஸ்கேன் எடுக்கும்போது ‘மரக்கம்பு குத்தியது’ என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், ஸ்கேன் சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உலர்ந்த மரம் சி.டி.யில் காற்றைப் போலக் கறுப்பாகத் தெரியும். காயத்தில் கொஞ்சம் காற்று இருப்பது சகஜம் என்பதால், விவரம் தெரியாதவர் அதைக் காற்று என்று எழுதிவிடக்கூடும். நேர்கோடாக, ஓரம் சீராக இருக்கும் ‘காற்று’ பெரும்பாலும் மரம்தான். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. உதவும். ஆனால் பட்டது இரும்பாகவோ, மீன்பிடித் தூண்டிலின் முனையாகவோ இருக்கலாம் என்றால் எம்.ஆர்.ஐ. கூடாது, காந்தம் துண்டை நகர்த்திவிடும்.

டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி யாருக்காவது இப்படிக் குத்தினால்: வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பை இழுக்காதீர்கள். கழுவாதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள். ஒரு காகிதக் கோப்பையை அடிப்பகுதி வெளியே இருக்கும்படி கவிழ்த்து, அதன் விளிம்பு எலும்பில் உட்காருமாறு பிளாஸ்டர் ஒட்டுங்கள். மயக்க மருந்து தர வேண்டியிருக்கலாம் என்பதால் வழியில் டீ, பழரசம் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது? அங்கே என்னென்ன செய்வார்கள்? சின்னக் குழந்தைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தால் கதிர்வீச்சு ஆகாதே என்று மைனி பயப்படுகிறாள்.
- நாகர்கோவில், வடசேரி

கண் மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், சி.டி. ஸ்கேன், தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகிய நான்கும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடமாகப் பாருங்கள். கண்ணுக்கு மட்டுமான மருத்துவமனை எவ்வளவு பேர்பெற்றதாக இருந்தாலும், நள்ளிரவில் சைனஸைத் திறக்க வேண்டி வந்தால் அங்கிருந்து வேறிடத்துக்கு அனுப்பத்தான் நேரும். உங்களுக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. மார்த்தாண்டத்துக்கு மேற்கே இருப்பவர்கள் திருவனந்தபுரம் போவது வழக்கம். எங்கே போனாலும் முதலில் பார்த்த டாக்டரின் சீட்டையும், கொடுத்த மருந்தின் பெயரையும் கொண்டுபோங்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் சேர்க்கும் அன்றே காட்டுவது நல்லது.

சேர்த்ததும் ரத்தப் பரிசோதனையும், ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்ற கல்ச்சர் சோதனையும் எடுப்பார்கள். கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த பிறகே முதல் ஊசி என்பது நல்ல பழக்கம். ஆனால் அதற்காக ஊசியை மணிக்கணக்கில் தள்ளக் கூடாது. குழந்தைகளுக்கு செஃப்ட்ரியாக்சோன் என்ற கிருமிக்கொல்லி ஊசியை ஒரு கிலோ எடைக்கு 50 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை தருவது வழக்கம். 18 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 900 மி.கி. ஆகும். சாதாரண மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிக்காக வான்கோமைசின் சேரும். அதை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாக விட்டால் கழுத்தும் முகமும் சிவந்து அரிக்கும்; பார்ப்பவர்கள் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பதறுவார்கள், வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பல்லிலிருந்து வந்த தொற்று என்றாலோ, குழந்தை ஒன்பது வயதைத் தாண்டியிருந்தாலோ, காற்றில்லாமல் வாழும் கிருமிகளுக்காக மெட்ரோனிடசோலும் சேர்ப்பதுண்டு. மூக்கு அடைப்பு நீங்க உப்புநீர்ச் சொட்டும், சில நாளுக்கு மட்டும் அடைப்பு நீக்கும் சொட்டும் தருவார்கள். மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது என்று குழந்தையிடம் சொல்லிவையுங்கள். சிந்தும் அழுத்தம் சளியைப் பின்னுக்குத் தள்ளும்.

ஸ்கேன் பற்றி: சீழ் எங்கே, எவ்வளவு என்று தெரிய மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி.யைப் போல விரைவாகச் சொல்வது வேறில்லை. கதிர்வீச்சு உண்டு, மறுக்கவில்லை. அதனால்தான் வெறும் இமைத் தொற்றுக்கு எடுப்பதில்லை. கண் தள்ளியிருக்கிறது, அசையவில்லை, பார்வை குறைகிறது, அல்லது 24 முதல் 48 மணி நேர ஊசிக்கும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் எடுத்தே ஆக வேண்டும். அந்த இடத்தில் ஸ்கேனைத் தவிர்ப்பதுதான் பெரிய ஆபத்து. மைனியிடம் இதைச் சொல்லுங்கள்.

எலும்புக்கும் அதன் மேலுறைக்கும் நடுவே சீழ் தேங்கியிருந்தால் எல்லோருக்கும் ஆபரேஷன் என்பதில்லை. ஒன்பது வயதுக்குள், மூக்குப் பக்கச் சுவரில், சிறிய சீழ்க்கட்டி, பார்வை நன்றாக இருக்கிறது என்றால் ஊசியிலேயே கரைய வாய்ப்பு அதிகம், காத்துப் பார்ப்பார்கள். காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது இல்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துக் கண்பாவை சுருங்குகிறதா, சிவப்பு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ராத்திரி எழுப்புகிறார்களே என்று நர்ஸிடம் கோபப்படாதீர்கள்.

பார்வை குறைந்தால், சீழ் பெரிதாக இருந்தால், மேல்பக்கமோ நெற்றி சைனஸோ சேர்ந்தால், பல் காரணமாக இருந்தால், இரண்டு நாளில் முன்னேற்றம் இல்லாவிட்டால் சீழை வெளியேற்றத்தான் வேண்டும். மூக்குத் துளை வழியாக எண்டோஸ்கோப் விட்டு அந்தக் காகிதச் சுவரைத் திறந்து வடிப்பதால் பல சமயம் வெளியே தழும்பே இருக்காது. மேல்புறம் இருக்கும் சீழுக்கு மட்டும் இமை மடிப்பில் கீற வேண்டிவரும். கண் கல்லாக இறுகி, பார்வை கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தால், இமையின் வெளிக்கோடியை வெட்டித் தளர்த்தி அழுத்தத்தை இறக்குவதும் உண்டு. பார்க்கப் பயமாக இருக்கும், பின்னால் அது ஆறிக்கொள்ளும்.

மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லை எடுத்தால் கண்ணுக்கு ஆகாது என்கிறார்களே? முகப்பருவைக் கிள்ளக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்ததுதானா?
- குளச்சல்

பல் எடுப்பதால் பார்வை போகாது. சீழ் பிடித்த பல்லை எடுக்காமல் வைத்திருப்பதுதான் கண்ணுக்கு ஆகாது. மேல் கடைவாய்ப் பற்களின் வேர் கன்ன சைனஸின் தரையை ஒட்டியே நிற்கிறது. அந்தச் சைனஸின் கூரைதான் கண்குழியின் தரை.

பருவைப் பற்றிச் சொல்வது சரி. மூக்கின் மேல்நுனியிலிருந்து வாயின் இரு கோடி வரையிலான முக்கோணப் பகுதியின் சிரைகள் கண்குழிச் சிரைகளோடும், அவை மூளையின் அடியில் உள்ள சிரைக்குளத்தோடும் இணைந்திருக்கின்றன. அவற்றில் ரத்தம் இரண்டு திசையிலும் ஓடக்கூடும். மூக்கோரக் கொப்புளத்தைப் பிதுக்கினால் சீழின் ஒரு பகுதி உள்ளேயும் போகலாம்.

அம்மாவுக்கு 58 வயது. சர்க்கரை 380. ஒரு வாரமாக ஒரு பக்கக் கன்னம் மரத்திருக்கிறது, மூக்கிலிருந்து கறுப்பாக ஏதோ வருகிறது, அந்தப் பக்க இமை தொங்குகிறது. கண்ணில் பெரிய சிவப்பு இல்லை. கொரோனா போனதோடு கறுப்புப் பூஞ்சையும் போய்விட்டதுதானே?
- மார்த்தாண்டம்

இந்த இதழ் கையில் கிடைப்பதற்குள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பீர்கள் என்று நம்புகிறோம். சேர்க்கவில்லை என்றால் படிப்பதை நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

கறுப்புப் பூஞ்சை, அதாவது மியூகோர்மைகோசிஸ், கொரோனாவுக்கு முன்னும் இருந்தது, இன்றும் இருக்கிறது. 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு அதை, கண்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோயாக்கியது. கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டும் ஏறிய சர்க்கரையும் சேர்ந்து அந்த ஆண்டு கூட்டம் கூட்டமாக வந்ததால் எல்லோர் காதிலும் பெயர் விழுந்தது. இந்தப் பூஞ்சையின் வித்துகள் மண்ணிலும் மட்கிய ஓலையிலும் பழைய ரொட்டியிலும் எப்போதும் உண்டு. தினமும் எல்லோரும் மூச்சில் இழுக்கிறோம். கட்டுக்கடங்காத சர்க்கரை உள்ளவர், எதிர்ப்புச் சக்தி குன்றியவர் போன்றோருக்குத்தான் பெரும்பாலும் அது வேர்விடுகிறது. சர்க்கரை முற்றி ரத்தம் அமிலமாகும்போது புரதத்தோடு கட்டுண்டிருந்த இரும்பு விடுபடும். இந்தப் பூஞ்சைக்கு இரும்பு என்றால் உரம். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள அஞ்ச வேண்டாம்.

கறுப்பு என்பது பூஞ்சையின் நிறமில்லை, செத்த சதையின் நிறம். இது ரத்தக்குழாய்க்குள் புகுந்து அடைப்பதால் சதை ரத்தமின்றிச் சாகிறது. பாக்டீரியா தொற்றில் கண் செக்கச் சிவந்து வலிக்கும். இதிலோ கன்னம் மரக்கும், இமை தொங்கும், கண் அசையாது, சிவப்பு அதிகமில்லாமலே பார்வை போய்விடும். ‘பெரிய சிவப்பு இல்லை’ என்று நீங்கள் எழுதியிருப்பது ஆறுதல் தரும் செய்தி இல்லை. டார்ச் அடித்து மேலண்ணத்தையும் பாருங்கள், கறுப்புத் திட்டு அங்கேயும் வரும்.

மூக்கிலிருந்து ஒரு துளி சதை எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு திரவத்தில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், அகலமாக, கணுக்கள் இல்லாமல், ரிப்பன் போல மடங்கி, செங்கோணத்தில் கிளைவிடும் இழைகள் தெரியும். அன்றைக்கே சொல்லிவிடலாம். பூஞ்சையைக் கொல்லும் மருந்து லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின். கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி., மூளை வரை போயிருந்தால் 10 மி.கி. வரை. 60 கிலோ ஆளுக்கு 5 மி.கி. கணக்கில் 300 மி.கி., அதாவது 50 மி.கி. குப்பிகள் ஆறு, தினமும். அதை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும். உப்பு சலைனில் கலந்தால் மருந்து திரிந்து படியும். ‘சர்க்கரை நோயாளிக்கு குளுக்கோஸா?’ என்று உறவினர்கள் தடுப்பதுண்டு. இன்சுலினை அதற்கேற்பக் கூட்டிக்கொள்வார்கள். பொட்டாசியம், மெக்னீசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றின் அளவுகளை அடிக்கடி பார்க்க வேண்டும். பொட்டாசியம் சரிந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

மருந்து மட்டும் போதாது. செத்த சதைக்கு ரத்த ஓட்டமில்லை, ஆகவே மருந்தும் போகாது. அதை வெட்டி எடுக்க வேண்டும், சிலருக்கு இரண்டு மூன்று முறை. கண்குழி முழுதும் பரவிப் பார்வையும் போய்விட்டால், உயிரைக் காக்கக் கண்ணையும் சுற்றியுள்ள திசுவையும் எடுக்கும் நிலை வரலாம். சர்க்கரையை அன்றே கட்டுக்குள் கொண்டுவருவது, வெட்டி எடுப்பது, மருந்து ஆகிய மூன்றில் ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் தோற்கும்.

அக்கா மகனுக்கு 15 வயது. வலது கண் வீங்கி மூன்றாம் நாள் இடது கண்ணும் வீங்கியது, உளறினான். ‘மூளைச் சிரையில் ரத்தம் உறைந்துவிட்டது’ என்றார்கள். கண்ணில் வந்தது மூளைக்கு எப்படிப் போகும்?
- முட்டம்

கண்குழியின் சிரைகள் பின்னால் போய்ச் சேரும் சிரைக்குளத்துக்கு கேவர்னஸ் சைனஸ் என்று பெயர். மூக்கு சைனஸுக்கும் இதற்கும் பெயரில்தான் ஒற்றுமை. இடதும் வலதுமாக இரண்டு உண்டு, நடுவே இணைப்பும் உண்டு. ஒரு பக்கம் தொற்றோடு ரத்தம் உறைந்தால் ஓரிரு நாளில் மறு கண்ணும் வீங்குவது அந்த இணைப்பினால்தான். ஆகவே ஒரு கண்ணில் தொடங்கிய வீக்கம், காய்ச்சலோடும் தலைவலியோடும் அடுத்த கண்ணுக்குத் தாவினால் ‘ஒட்டிக்கொண்டது’ என்று எண்ணக் கூடாது.

கண்ணை அசைக்கும் நரம்புகள் எல்லாம் இந்தக் குளத்தின் வழியாகத்தான் போகின்றன. மற்றவை சுவரில் போக, ஆறாம் நரம்பு மட்டும் நட்டநடுவே போகிறது. அதனால் பெரும்பாலும் முதலில் அடிபடுவது அதுதான். கண்ணை வெளிப்பக்கம் திருப்ப இயலாது. பிறகு இமை தொங்கும், நெற்றி மரக்கும், வாந்தி, உளறல், வலிப்பு. எம்.ஆர்.ஐ.யும் சிரைகளைக் காட்டும் எம்.ஆர். வீனோகிராமும் எடுத்து உறுதி செய்வார்கள். ஊசி மருந்து மூன்று நான்கு வாரமாவது போகும், தொற்று தொடங்கிய மூக்கு சைனஸைத் திறந்து வடிப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் தரலாமா என்பதை ஆளைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். மூளையில் கசிவு இருந்தால் தர மாட்டார்கள்.

இந்த வயதுப் பையன்களிடம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நெற்றியில் பிசைந்த மாவு மாதிரி மெத்தென்று ஒரு வீக்கம், அழுத்தினால் குழி விழுகிறது என்றால், நெற்றி எலும்பே சீழ் பிடித்திருக்கலாம். எலும்பின் மறுபக்கம் மூளை. ‘எங்காவது இடித்திருப்பான்’ என்று விட்டுவிடுவார்கள்.

தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைச் சாறு பிழிவது, வெந்நீர் ஒத்தடம், எண்ணெய் போட்டுத் தடவுவது: இவற்றில் எது செய்யலாம்?
- தக்கலை

சாதாரணக் கண்கட்டிக்கு இளஞ்சூட்டு ஒத்தடம் நல்லது. பத்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. துணி கையில் பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். மற்றவை வேண்டாம். பாலும் பூச்சாறும் கிருமிக்குத் தீனி, கருவிழியில் புண்ணும் வரக்கூடும். காய்ச்சலோடு வீங்கிய கண்ணை எண்ணெய் போட்டு அழுத்தித் தடவுவது சீழை எந்தப் பக்கம் தள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. நம் மாவட்டத்தில் வர்ம ஆசான்கள் பலர் உண்டு. கைதேர்ந்தவர்கள் வீங்கிய கண்ணைக் கண்டதும் தொடாமல் அனுப்பிவிடுவார்கள். தொடுகிறவரிடம் போக வேண்டாம்.

மகளுக்கு ஏழு நாள் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கண் நன்றாக இருக்கிறது. மாத்திரையை நிறுத்தலாமா? மறுபடி வருமா?
- இரணியல்

நிறுத்தாதீர்கள். ஊசியும் மாத்திரையும் சேர்த்து இரண்டு முதல் மூன்று வாரம் என்பது வழக்கமான கணக்கு. எலும்பு பாதித்திருந்தால் இன்னும் நீளும். வீக்கம் போவது முதல் வாரத்தில், சைனஸ் சுத்தமாவது அதற்குப் பிறகு. வயிற்றுப்போக்கு வந்தால் மருந்தை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் ஒருமுறையும், மருந்து முடிந்ததும் ஒருமுறையும் கண் மருத்துவரிடம் பார்வை, நிறம், கண் அசைவு மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் தனியாகக் காட்டுங்கள். கண் சரியானதும் இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், மறுபடி வருவதும் அவர்களுக்கே அதிகம். மூக்குக்குப் பின்னால் வளரும் அடினாய்டு சதை, வளைந்த மூக்குத்தண்டு, ஒவ்வாமைச் சளி, சொத்தைப் பல் ஏதாவது இருந்தால் அதைச் சரி செய்ய வேண்டும்.

காய்ச்சலே இல்லாமல் ஒரு கண் மட்டும் தள்ளி, மருந்துக்கும் மசியாமல் இருந்தால் அது தொற்றுதானா என்றே கேட்க வேண்டும். குழந்தைகளுக்குக் கண்குழியில் வரும் சில புற்றுக்கட்டிகள் முதல் வாரத்தில் இதே வேஷத்தில்தான் வரும்.

தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் சின்னக் குழந்தைகளின் கண்குழித் தொற்றுக்கு முக்கியக் காரணமாயிருந்த ஹீமோஃபிலஸ் பி கிருமிக்கு எதிரான மருந்து, 6, 10, 14 வாரங்களில் போடும் ஐந்து-ஒன்று (பென்டாவேலன்ட்) ஊசியில் இருக்கிறது. நாட்டிலேயே முதலில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் அது தொடங்கியது. பிறகு நியூமோகாக்கல் ஊசியும் அட்டவணையில் சேர்ந்தது. விட்டுப்போன தவணை இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வயதைப் பார்த்து எது இன்னும் போடலாம் என்று சொல்வார்கள்.